பெயிண்டுக்கு முன்னால அழுக்கு போகணும்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம். பிசான நெல் அறுப்பு முடிஞ்ச கையோட எங்க பக்கம் பழைய டிராக்டருக்கெல்லாம் பெயிண்ட் அடிக்க ஆரம்பிச்சிருவாங்க, நானும் போன வருஷம் எங்க பழைய மாசி பெர்குசன் டிராக்டர ஒரு பட்டறையில விட்டேன், அவங்க கிரீஸ எடுக்காமலே மேலயே சிவப்ப அடிச்சு குடுத்துட்டாங்க, கார் பருவ நெல் நடவு முடியதுக்குள்ள பானட்டுல (இன்ஜின் மூடியில) பெயிண்ட் அப்பளமா உப்பி, நகத்தால சுரண்டுனா தோல் தோலா உரியுது. இந்த வருஷம் நானே இறங்கிட்டேன். பிரஷ்ஷ டீசல்ல முக்கி கியர்பாக்ஸ் பக்கம் தேய்ச்சா சேறும் கிரீஸும் கட்டி கட்டியா விழுது, அதுக்கடியில பாத்தா ஆயில் லீக்கு! அத அடைக்காம பெயிண்ட் நிக்குமா? டீசல் பிசுக்கு போக சோப்புத்தண்ணி வச்சு கழுவி காயவிட்டு, துருவ கம்பி பிரஷ், 80 நம்பர் எமரி பேப்பர் வச்சு எடுத்து, தின்னர் துணியால தொடச்சு, அன்னைக்கே துருவ தடுக்குற ரெட் ஆக்சைடு அடிப்பூச்ச அடிச்சிரணும், வெறும் இரும்பா போட்டு வச்சா மறுபடி துரு பூத்திரும்.

இன்னொண்ணு, இந்த கழுவுற வேலைய தாமிரபரணி படித்துறையிலயும் கன்னடியன் கால்வாய்லயும் வச்சிக்கிடுதாங்க, டீசல் கலர் கலரா மிதக்கு, கீழ்ப்பக்கம் ஆளுக குளிக்காங்க, மாடு தண்ணி குடிக்கு. நீர்வளத்துறை ஆளுக ஒரு போர்டாவது வைக்கக் கூடாதா?

- ஒரு விவசாயி, சேரன்மகாதேவி