பாண்டம் பவர் இல்லாத ஸ்பீக்கருக்குக் கண்டென்சர் மைக்கா?

அனுப்புநர்: பஜனைக் குழுப் பொறுப்பாளர், கும்பகோணம்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
நாள்: ஜனவரி 5

பொருள்: டிசம்பர் 4 அன்று வாங்கிய இரண்டு மைக்குகளை மாற்றித் தரக் கோருதல்

ஐயா,

மார்கழி முழுக்க விடியற்காலையில் எங்கள் தெருக்களில் பஜனை போவோம். பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு ஆர்மோனியம், நாலைந்து ஜால்ரா. இதற்காக உங்கள் கடையில் பேட்டரியில் ஓடும் ட்ராலி ஸ்பீக்கர் ஒன்றும் (ரூ. 24,500), இரண்டு மைக்குகளும் (ரூ. 13,800) ஒரே பில்லில் வாங்கினேன்.

மைக்கை நானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஸ்பீக்கரைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போவோம், பாடுகிறவர்கள் வண்டியை ஒட்டியே நடப்பார்கள் என்று விற்பனையாளரிடம் விளக்கமாகவே சொன்னேன். "ஸ்டுடியோ மாதிரி குரல் வரும் சார்" என்று அவர் கண்டென்சர் மைக்கை எடுத்துக் கொடுத்தார். கடையில் இருந்த பெரிய மிக்ஸரில் போட்டுக் காட்டினார். நன்றாகத்தான் கேட்டது.

மார்கழி முதல் நாள் காலை ஐந்து மணிக்குப் பிள்ளையார் கோயில் வாசலில் இரண்டு மைக்கிலும் சத்தமே இல்லை. தொண்டையை நம்பிப் பாடிவிட்டு வந்தோம். உங்கள் சேவை எண்ணில் கேட்டால், ஸ்பீக்கரை நன்றாகச் சார்ஜ் போடச் சொன்னார்கள். மறுநாள் கேபிளை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன், 350 ரூபாய் போனதுதான் மிச்சம். கடைசியில் மைக் செட் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்: இந்த மைக் வேலை செய்ய 48 வோல்ட் பாண்டம் பவர், அதாவது கேபிள் வழியாகவே மைக்குக்கு வரும் கரண்ட் வேண்டும், இந்த ஸ்பீக்கரில் இருப்பது வெறும் பி-38 ஜாக் (சாதாரண கால் அங்குல மைக் துளை), அதில் அந்தக் கரண்ட் வராது. கடை மிக்ஸரில் பாண்டம் பவர் இருந்ததால் அங்கே பாடியிருக்கிறது. இரண்டையும் விற்ற உங்களுக்கு இது தெரியாதா?

மூன்றாவது முறை அழைத்தபோது பாண்டம் பவர் பெட்டி ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அது வீட்டுக் கரண்டில் ஓடுவது. உருண்டு போகிற தள்ளுவண்டிக்கு எந்த வீட்டுப் பிளக்கிலிருந்து வயர் இழுப்பது என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்கள்.

சரி, மைக்காவது நன்றாக இருக்கிறதா என்று நண்பரின் மிக்ஸர் வழியாக அதே ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தோம். குரலோடு ஜால்ராவும் சேர்ந்து காதைக் குத்தியது. சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றியதும் ஊளையிட்டது. இதில் எங்கள் தவறும் உண்டு. எங்கள் ஆட்கள் மைக்கின் வலைத் தலையையே கையால் பொத்திப் பிடித்து, அதையும் வாய்க்கு ஒரு அடி தள்ளி வைத்துப் பாடினார்கள். அப்படிப் பொத்தினால் ஒரு பக்கம் மட்டும் கேட்க வேண்டிய மைக் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கிவிடும் என்று நண்பர் திருத்தினார்.

அப்புறம் அவரிடமிருந்த பழைய டைனமிக் மைக்கை இரவல் தந்தார். கார்டியாய்டு வகை, அதாவது முதுகுப் பக்கச் சத்தத்தை அதிகம் வாங்காதது. அதன் முதுகு ஸ்பீக்கரைப் பார்க்கும்படி பிடித்து, உதட்டருகே வைத்துப் பாடினால் ஊளையே இல்லை. பாண்டம் பவரும் தேவையில்லை. 1966 முதல் மேடைகளில் இருந்துவரும் ஷூர் எஸ்எம்58 இந்த வகைதான். கடையில் முதலிலேயே இதைச் சொல்லியிருக்கலாம்.

பெட்டியைத் திறந்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்கிறீர்கள். திறக்காமல் எப்படி ஐயா பாடிப் பார்ப்பது?

இரண்டு கண்டென்சர் மைக்குகளையும் எடுத்துக்கொண்டு, சுவிட்ச் உள்ள டைனமிக் கார்டியாய்டு மைக்குகள் இரண்டும், மீதித் தொகையும், கேபிளுக்குச் செலவான 350 ரூபாயும் தர வேண்டுகிறேன். ஏழு நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், அதன்பின் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் புகார் செய்வேன். பில் நகலை இணைத்துள்ளேன். மார்கழி முடிய இன்னும் பத்து நாள்கூட இல்லை, இரவல் மைக்கையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

இப்படிக்கு,
பஜனைக் குழுப் பொறுப்பாளர்