இன்புளுவன்சா ‘நெகட்டிவ்’: மாதிரி சரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் மழையோடு தடிமனும் காய்ச்சலும் பரவும் காலம் இது. டெங்கு இரத்தப் பரிசோதனைக்குக் காட்டும் கவனத்தில் பாதிகூட இன்புளுவன்சா வைரஸைத் தேட எடுக்கும் மூக்கு மாதிரிக்குக் கிடைப்பதில்லை. மோசமாக எடுத்த மாதிரி பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்குப் போனாலும் தனியார் ஆய்வுகூடத்துக்குப் போனாலும் ‘நெகட்டிவ்’ (வைரஸ் இல்லை) என்றே திரும்பக்கூடும். அதை நம்பி நோயாளரை வீட்டுக்கு அனுப்புவது ஆபத்து.

அதிகம் நடக்கும் பிழை, மாதிரி எடுக்கும் சுவாப் குச்சியை மூக்கில் மேல்நோக்கித் தள்ளுவது. மூக்கின் தளம் மேலே ஏறுவதில்லை; அண்ணத்துக்குச் சமாந்தரமாக நேரே பின்னால் போகிறது. தலையைச் சற்றுச் சாய்த்து, காதை நோக்கி விடவேண்டும். வளர்ந்தவர்களில் மூக்குத் துவாரத்துக்கும் காதுக்கும் இடையே பாதித் தூரமாவது போனபின் மெல்லிய தடை தட்டும். அங்கே சில விநாடி ஊறவிட்டு, சுழற்றியபடி எடுக்கவேண்டும். நோயாளரின் கண் கலங்காமலே வேலை முடிந்தால் பெரும்பாலும் குச்சி உரிய இடத்தைத் தொடவில்லை.

குச்சியின் நுனி நைலான் அல்லது பொலியஸ்டர், தண்டு பிளாஸ்டிக். பஞ்சு சுற்றிய மரக்குச்சியும் கல்சியம் அல்ஜினேட் நுனியும், வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். வினையைத் தடுக்கக்கூடியவை. குச்சியை இட்டு அனுப்பும் வி.டி.எம். (வைரஸைக் காக்கும் திரவம்) குழாயில் 2 முதல் 3 மில்லிலீற்றர் திரவம் இருக்கும். தண்டை வெட்டுக்குறியில் முறிக்காமல் மூடியை வலிந்து திருகினால், வரும் வழியிலேயே கசிந்து பெட்டியிலுள்ள மற்ற மாதிரிகளையும் கெடுத்துவிடும்.

மாதிரியை 2–8 பாகை செல்சியஸில் வைத்து 72 மணித்தியாலத்துக்குள் சேர்க்கவேண்டும். வெள்ளி பின்னேரம் எடுத்தது திங்கள் காலை வந்தால் தப்பும். போயா (பௌர்ணமி) விடுமுறையும் சேர்ந்தால் தப்பாது. அதற்கு மேல் தாமதமென்றால் –70 பாகை வேண்டும். வாட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் தட்டு அதற்குப் பதிலாகாது. உறைந்து உருகும்போது வைரஸின் கொழுப்புறை உடைந்து, அதன் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. சிதையும்.

பி.சி.ஆரில் வைரஸோடு ‘ஆர்.என்.ஏஸ் பி’ என்ற மனித மரபணுவும் தேடப்படுகிறது. அதுவும் வைரஸும் இரண்டுமே வராவிட்டால், குச்சியில் மனிதக் கலம் போதவில்லை, அல்லது வினை தடைப்பட்டிருக்கிறது. அது நெகட்டிவ் அல்ல, செல்லாத மாதிரி; திரும்ப எடுக்கவேண்டும். ஆனால் மூக்கின் முன்பக்கத்தை மட்டும் தொட்ட குச்சியிலும் மனித மரபணு வரும். ஆகவே இந்தச் சோதனை எல்லாப் பிழையையும் பிடித்துத் தராது.

செயற்கைச் சுவாசத்தில் இருப்பவருக்கு மூக்கு மாதிரி நெகட்டிவாகி, நுரையீரலில் வைரஸ் இருக்கலாம். அவர்களுக்குச் சுவாசக் குழாயிலிருந்து உறிஞ்சிய சளியையும் அனுப்பவேண்டும். மருந்தகங்களில் கிடைக்கும் விரைவு அன்டிஜன் (வைரஸின் புரதம்) சோதனை அட்டை, பாதிக்கப்பட்டவர்களில் 50–70 சதவீதம் பேரை மட்டுமே பிடிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, படிவத்தில் நோய் தொடங்கிய திகதியை எழுதுங்கள். மூக்கில் வைரஸ் மிகுந்திருப்பது முதல் 3, 4 நாட்களில்தான். எட்டாம் நாள் எடுத்த மாதிரியின் நெகட்டிவை வைத்து எதையும் சொல்ல முடியாது. திகதி வெறுமையாக இருந்தால் அது எட்டாம் நாள் என்பதே எங்களுக்குத் தெரியாது. கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியோர், கடுமையாக நோயுற்றோர் விடயத்தில் வைத்தியர்கள் முடிவுக்காகக் காத்திராமல் ஒசெல்டமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கலாம். அந்த மருந்து முதல் 48 மணித்தியாலத்துக்குள்தான் கூடுதலாகப் பலன் தரும்.

மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்கள் சிலர்,
கொழும்பு