தமிழ்க் குறுஞ்செய்தி உடையாமல் வந்து சேர: சிங்கப்பூர்த் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையத்தாருக்கு,

வணக்கம். 2023 ஜனவரி 31 முதல், பதிவு செய்யாத அனுப்புநர் பெயர்களில் வரும் குறுஞ்செய்திகள் 'லைக்லி-ஸ்கேம்' (Likely-SCAM, 'மோசடியாக இருக்கலாம்') என்ற முத்திரையோடு வருகின்றன. வங்கியின் பெயரைப் போட்டுக்கொண்டு வங்கிச் செய்திகளுக்கு நடுவே நுழைந்த மோசடிக்கு அது நல்ல தடுப்பு. முத்திரை ஆங்கிலத்தில் இருப்பதற்குக் காரணமும் உண்டு. அனுப்புநர் பெயருக்கான இடத்தில் 11 எழுத்துதான் கொள்ளும், தமிழ் அதில் ஏறாது. அந்த முத்திரையே சிறுகோட்டோடு சேர்த்துச் சரியாக 11.

ஆனால் செய்தியின் உடலில் தமிழ் ஏறும். நம் கவலை அங்கேதான்.

ஒரு குறுஞ்செய்தி 140 பைட். ஆங்கிலம் 160 எழுத்து. தமிழ் 70 குறியீடு. செய்தி நீண்டு துண்டுகளானால் துண்டுக்கு ஆங்கிலம் 153, தமிழ் 67 என்று குறையும். குறியீடும் எழுத்தும் ஒன்றல்ல: 'சிங்கப்பூர்' நமக்கு 6 எழுத்து; புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியாக எண்ணும் கருவிக்கு 11 குறியீடு. 150 எழுத்துள்ள ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைச் சேர்த்தாலும் முழுச் செய்தியும் தமிழுக்குரிய யூனிகோடு எழுத்து முறைக்கு மாறி 3 துண்டுகளாகிவிடும்.

துண்டாகும் இடம்தான் பெரிய சிக்கல். 67ஆவது குறியீடு 'த', 68ஆவது ஏகாரக் குறி என்றால் 'தேதி' நடுவில் உடைகிறது. இரண்டு துண்டும் சேர்ந்து வந்தால் பழுதில்லை. ஒன்று தாமதமானால் அடுத்தது, துணையெழுத்து தனித்து நிற்கும்போது திரை காட்டும் புள்ளிவட்டத்தோடு தொடங்கும். படிப்பவர் அதையே மோசடி என்று நினைப்பார். துண்டை 67 வரை நிரப்பியாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. சொல் முடியும் இடத்தில், 60இலோ 62இலோ, வெட்டலாம். மென்பொருளில் இது சிறிய வேலை.

இன்னொரு பிழை: செய்தி எந்த எழுத்து முறையில் இருக்கிறது என்று கருவிக்குச் சொல்லும் குறியாக்க மதிப்பை, யூனிகோடுக்குரிய 8 என்று மாற்றாமல் 0 என்றே விட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகவோ புரியாத எழுத்துகளாகவோ போய்ச்சேரும். அனுப்பியவர் திரையில் எல்லாம் சரியாகவே தெரியும் என்பதால் யாரும் கவனிப்பதில்லை.

ஆகவே, பதிவு பெற்ற அனுப்புநர்களுக்குத் தமிழ்ச் செய்திக்கான வழிகாட்டி ஒன்றை வெளியிடுங்கள். குறியீட்டுக் கணக்கு, சொல்லெல்லையில் வெட்டுதல், தேதியும் தொகையும் முதல் துண்டிலேயே இருத்தல், உண்மையான கைப்பேசியில் சோதித்தல் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். முத்திரைக்கும் ஒரு வழி இருக்கிறது: அந்த ஆங்கில எழுத்துகள் திரையில் தோன்றும் வடிவத்தைப் படமாகவே அச்சிட்டு, பக்கத்தில் 'இது மோசடியாக இருக்கலாம்; இணைப்பைத் தொடாதீர்கள்' என்று தமிழில் எழுதி, ஊழியர் தங்குவிடுதிகளிலும் மூத்தோர் நிலையங்களிலும் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
குறுஞ்செய்தி மென்பொருள் துறையில் பணிபுரியும் தமிழர்கள்