தயாரிக்கும் நேரம் 30 நிமிடமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தீபாவளி இதழோடு வந்த பலகார இணைப்பைப் பார்த்தேன். முறுக்குக் குறிப்பின் மேலே 'தயாரிக்கும் நேரம்: 30 நிமிடம்' என்று போட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். முதல் நாளே பச்சரிசியைக் களைந்து வடித்து, பழைய வேட்டியில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். ஐப்பசி அடைமழையில் அது ஒரே நாளில் காய்ந்தால் அதிர்ஷ்டம். உளுந்தைச் சிவக்க வறுத்து எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனால், எனக்கு முன்னால் பத்துத் தூக்கு வரிசையில் நிற்கும். மிளகாய் அரைத்த கையோடு நம் அரிசியைக் கொட்டிவிடாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை. வீட்டுக்கு வந்து சலித்து, வெண்ணெய், எள், பெருங்காயம் சேர்த்துப் பிசைந்து, அப்புறம்தான் அச்சைக் கையில் எடுக்கிறோம். உங்கள் 30 நிமிடம் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. பிழிந்து முடித்தபின் பிசுக்குப் பிடித்த அடுப்பு மேடையைத் தேய்க்க எந்தக் குறிப்பிலும் நேரம் ஒதுக்கியதில்லை.

மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்களுக்கு நாளைக்கு 289 நிமிடம் போகிறது, ஆண்களுக்கு 88 நிமிடம் என்று வந்தது. அந்த 88-ம் வீட்டு வேலையில் கைவைத்த ஆண்களை மட்டும் வைத்துப் போட்ட சராசரி. தீபாவளி வாரத்தைத் தனியாகக் கணக்கெடுத்தால் என்ன வருமோ!

வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் கணவன் வாங்கிய சொத்தில் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னபோது, என் வீட்டுக்காரர் அதைப் பேப்பரில் பார்த்துச் சத்தமாகப் படித்துக் காட்டினார். முடித்துவிட்டு, "இன்னொரு காபி கிடைக்குமா?" என்றார். நல்ல மனிதர்தான். நான் ஏன் சிரித்தேன் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

ஆனால் பழியை அவர் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை. எட்டு வயதிலேயே மகளை ரவா லாடு பிடிக்க உட்கார வைத்தவள் நான். அவள் தம்பியை, "நீ போய் வெடியைக் காயவை" என்று மொட்டை மாடிக்கு அனுப்பியவளும் நானே. போன வருஷம் அவள் கேட்டாள்: "அவனை ஏம்மா கூப்பிடவே மாட்டேங்கற?" அவனுக்கு வராதுடி என்றேன். "எனக்கு மட்டும் பிறக்கும்போதே வந்துச்சா?" என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

இந்த வருஷம் அவனை அச்சைப் பிடிக்க வைத்தேன். முதல் ஈடு எந்த வடிவத்திலும் சேரவில்லை, உடைசல்தான். மூன்றாவது ஈட்டில் தேறிவிட்டான். "கை கழண்டு போகுதும்மா, இதையா தனியா பண்ணிட்டிருந்தே?" என்றான்.

அதற்காக, கடையில் வாங்கிவிடலாமே என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எண்ணெய் காயும் வாசனையும், பக்கத்து வீட்டுத் தட்டும் நம் தட்டும் மாறிக்கொள்ளும் சாயங்காலமும் இல்லாமல் என்ன தீபாவளி? எனக்கு வேண்டியது கூட நிற்க இன்னொரு ஆள், அவ்வளவுதான்.

எனவே பொங்கல் இணைப்பில், ஊறவைப்பதிலிருந்து பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பது வரை ஆகும் நேரத்தையும், எத்தனை பேர் வேண்டும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அட்டையில் 'இல்லத்தரசிகளுக்காக' என்று இருப்பதையும் எடுத்துவிடலாம். அதைப் பார்த்துத்தான் என் மகன் தனக்கில்லை என்று தள்ளி வைத்துவிட்டான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயிலாடுதுறை.

பின்குறிப்பு: அதிரசத்துக்குக் கம்பிப் பதம் என்று எழுதியிருக்கிறீர்கள். பாகைத் தண்ணீரில் விட்டால் கையில் மெத்தென்று உருட்ட வர வேண்டும். நீங்கள் சொன்ன பதத்தில் போட்ட எதிர்வீட்டு மாமியின் அதிரசம் எண்ணெயிலேயே பிரிந்துபோனது.