மருத்துவர் வரை கூட வருவதற்கு ஓர் ஆள் வேண்டும்

ஊர்மக்களுக்கும், வெளியூரில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, முக்கூடல் பக்கத்தில் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பதின்வயதுப் பிள்ளைகளுக்குத் துணை நிற்கும் வேலையை எங்கள் குழு தொடங்கியிருக்கிறது. பெற்றோர், ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற செவிலியர்கள் சேர்ந்த குழு இது. அதற்காகத்தான் உங்களிடம் வந்திருக்கிறோம்.

சிகிச்சைச் செலவுக்காக நாங்கள் பணம் கேட்கவில்லை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையில், 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம். எல்லாம் இலவசம். ஆனாலும் பிள்ளைகள் அங்கே போய்ச் சேருவதில்லை.

ஏன் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பீடி சுற்றும் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. மனநல டாக்டரிடம் போனது தெரிந்தால் தெரு பேசும். பெண் பிள்ளை என்றால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இது வந்து நிற்குமோ என்ற பயம். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று இன்னொரு பயம். அதனால் முதலில் அடி விழுகிறது, செல்போன் பறிபோகிறது, அப்புறம் மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்கள். எப்படியோ ஒருமுறை மருத்துவரிடம் போய்விட்டாலும், இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னால் அந்த இரண்டாவது தடவை நடப்பதே இல்லை. இரண்டாவதும் மூன்றாவதும் போனால்தான் பலன் தெரிய ஆரம்பிக்கும்.

போலீஸ் பயத்துக்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு.

இந்தப் பிள்ளைகளில் பலர் சாக வேண்டும் என்று இதைச் செய்வதில்லை. சொல்லத் தெரியாத வேதனையைத் தாங்க வேறு வழி தெரியாமல் செய்கிறார்கள். அதற்காக இதை லேசாக எடுத்துக்கொள்ளவும் கூடாது; பின்னாளில் தற்கொலைக்கான ஆபத்து இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். "எல்லாரும் தன்னைப் பார்க்கணும்னு நடிக்கிறா" என்ற பேச்சை நம் ஊரில் யாரும் இனிமேல் பேசக் கூடாது என்பது எங்கள் ஆசை. பெரும்பாலான பிள்ளைகள் இதை மறைக்கத்தான் பாடுபடுகிறார்கள்.

எனவே எங்கள் திட்டத்தின் பெரும்பகுதி ஓர் ஆளைக் கூட அனுப்புவதுதான். பயிற்சி பெற்ற ஓர் அக்காவோ அண்ணனோ வீட்டுக்கு வந்து பேசுவார், பிள்ளையையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டை போவார், சீட்டு வாங்கி, உட்கார்ந்து, மருத்துவர் சொன்னதை வீட்டில் விளக்குவார், அடுத்த முறையும் வருவார்.

இன்னொரு பகுதி, ஆசிரியர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் பயிற்சி. தழும்பை முதலில் பார்ப்பவர் அவர்களாகத்தான் இருப்பார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் என்ன பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பிள்ளை வாயைத் திறக்கும், இல்லையென்றால் மூடிக்கொள்ளும். "உன்மேல கோபம் இல்லப்பா, முதல்ல காயத்துக்கு மருந்து போடுவோம்" என்று தொடங்கலாம். "இனிமே செய்ய மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று கேட்கக் கூடாது. முடியாதபோது பொய் சொல்ல வேண்டியதாகிவிடும். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்கவே கூடாது.

இது குணமாகாத ஒன்று என்று நினைக்காதீர்கள். இப்படிப்பட்டவர்களுக்கு உலகம் முழுவதும் பயன்படும் டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி என்ற உளவியல் சிகிச்சை முறையை உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லைனஹன். தானும் இளவயதில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டு மருத்துவமனையில் கிடந்தவள்தான் என்று 2011-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

சரி, கணக்குக்கு வருகிறோம். உளவியல் சமூகப்பணி படித்த ஆலோசகர் ஒருவருக்கு மாதம் 25,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 3,00,000. துணைக்குப் போகிறவர்களின் பயணம், சாப்பாடு, கூலி இழக்கும் பெற்றோருக்கு ஈட்டுத்தொகை எல்லாம் சேர்த்து 1,20,000. பயிற்சி வகுப்புகளுக்கு 40,000. மொத்தம் 4,60,000 ரூபாய். இதுவரை 1,35,000 சேர்ந்திருக்கிறது. இன்னும் 3,25,000 வேண்டும். 500 ரூபாய் கொடுத்தாலும் ஒரு தாயின் ஒரு நாள் கூலியை அது ஈடுகட்டும்.

பணத்தைக் குழுப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் அறை வாசலில் ஒட்டப்படும். ஆனால் எந்தப் பிள்ளையின் பெயரும் படமும் கதையும் நன்கொடையாளர் யாருக்கும் காட்டப்பட மாட்டாது. எவ்வளவு பெரிய தொகை கொடுத்தாலும் அப்படித்தான்.

உங்கள் வீட்டிலேயே இப்படி ஒரு பிள்ளை இருந்தால் நன்கொடையைப் பற்றி யோசிக்க வேண்டாம். 14416-க்குக் கூப்பிடுங்கள், குழந்தைகளுக்கு 1098-உம் உண்டு. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் உடனே 108. ஆஸ்பத்திரிக்குத் துணை வேண்டுமென்றால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் வருகிறோம்.