விகாரி வருசத்துப் புத்தகம்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மச்சான்,

சலாம். உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. சம்மாந்துறையில் சிறுபோகத்துக்குத் தண்ணி திறந்ததையும், உன் முழங்கால் இன்னும் சொல்வழி கேட்கவில்லை என்பதையும் வாசித்தேன். முழங்காலுக்கு என்னிடம் மருந்தில்லை. நானும் படி ஏறும்போது கைபிடிக் கம்பியைத் தேடுகிற ஆள்தான். இங்கே கச்சான் காத்து தொடங்கிவிட்டது. மத்தியானத்தில் வெளியே தலை காட்ட ஏலாது.

பதில் பிந்தினதுக்குக் காரணம் வாசிகசாலை. பென்சன் எடுத்தவன் வீட்டில் சும்மா இருந்தால் ஊருக்குப் பொறுக்காது. சித்திரை முடிய நாலு பொடியன்மார் வந்து, "ஐயா, உங்களுக்கு இந்தப் புத்தகத்துக்கு இலக்கம் போடுற வேலை தெரியுந்தானே" என்று கேட்டார்கள். அறுநூறு புத்தகம் இருக்கும், ஒரு மாத வேலை என்று நினைத்து ஓமென்றேன். போய்ப் பார்த்தால் அலுமாரியில் அறுநூறு, மேசைக்குக் கீழே ஏழு பெட்டி. அலுமாரியில் இருந்தவை பெரிய பாடில்லை. டூயியின் இலக்க முறையில் தமிழ்க் கவிதைக்கு 894.8111, நாடகத்துக்கு 894.8112, நாவலுக்கு 894.8113 என்று நித்திரையிலும் கை எழுதும். (கடித இலக்கியத்துக்குக் கடைசி இலக்கம் 6. இந்தக் கடிதத்தை யாராவது புத்தகமாகப் போட்டால் எங்கே வைப்பதென்று நீ யோசிக்கத் தேவையில்லை.) என்னை மறித்து வைத்திருப்பவை அந்த ஏழு பெட்டிகள்தான்.

பொடியன்மார் கோஹா என்ற நூலகப் பட்டியல் மென்பொருளைப் போட்டுத் தந்திருக்கிறார்கள். நியூசிலாந்தில் செய்தது, காசில்லை. மவோரி மொழியில் அந்தச் சொல்லுக்கு அன்பளிப்பு என்று கருத்தாம். நாம் அட்டையில் முத்து முத்தாக எழுதி, கீழே துளை போட்டு, கம்பியில் கோத்து வைத்ததெல்லாம் இப்போது 100ஆம் புலம், 245ஆம் புலம் என்று திரையில் கட்டம் கட்டமாக நிற்கிறது. ஆனால் கேள்விகள் அதே பழைய கேள்விகள்தான் மச்சான். 100ஆம் புலத்தில் ஆசிரியர் பெயரைப் போடு என்கிறது. நம் ஆட்களுக்கு எது பெயர்?

நாம் வேலை பார்த்த ஓரிடத்தில் (எந்த இடமென்று உனக்குத் தெரியும்) கணினி வந்த புதிதில் தரவு ஏற்றியவர்கள் எல்லாப் பெயரையும் வெள்ளைக்காரன் பெயரைப் போலக் கடைசிச் சொல்லைப் பிடித்துத் திருப்பிப் போட்டது நினைவிருக்கா? ஒரு கவிஞை முதல் தொகுதியைத் தகப்பன் பெயரோடும் அடுத்ததைப் புருசன் பெயரோடும் வெளியிட்டிருந்தா. பட்டியலில் அவ இரண்டு ஆளாகி, இரண்டு பதிவிலும் அவவின் சொந்தப் பெயர் பின்னால் போய், இரண்டு ஆம்பிளைகள் கவிதை எழுதினதாக ஆகிவிட்டது. 1978இல் வந்த ஆங்கிலோ அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளிலேயே குடும்பப் பெயர் இல்லாத தமிழ்ப் பெயரை ஆளின் சொந்தப் பெயரில் பதிய வேண்டுமென்று தெளிவாக இருந்தது. புத்தகம் மேசையில் கிடந்தது, திறக்கத்தான் ஆளில்லை. நம் நூலகத் துறைக்குப் பெரியவர் இரங்கநாதனின் பெயரையே எடுத்துப்பார். சீயாழி ஊர், இராமாமிர்தம் தகப்பன், இரங்கநாதன் ஆள். ஊரையும் தகப்பனையும் முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் வருகிறவன்தான் நமக்குப் பெயர்.

முதலெழுத்து அதைவிடத் தலையிடி. ஒரே ஆள் ஒரு புத்தகத்தில் "க." அடுத்ததில் "கே." இன்னொருவர் "சி." என்று தொடங்கி "எஸ்." என்று முடிகிறார். தமிழ் எழுத்தா, இங்கிலீசு எழுத்தின் ஒலியா என்பது அந்தந்த அச்சகக்காரர் கையில் இருந்திருக்கிறது. உங்கள் பக்கத்தைச் சொல்லவே வேண்டாம். ஏ.எல்., எம்.ஐ. என்று வந்தால் அரை அம்பாறை மாவட்டமும் எழுந்து நிற்கும். அந்த வகையில் புனைபெயர்க்காரர் புண்ணியவான்கள். நீலாவணனை நீலாவணன் என்றே போட்டு, சின்னத்துரை என்று தேடி வருகிறவருக்கு அங்கிருந்து ஒரு வழிகாட்டி வைத்தால் போதும். மருதூர்க்கொத்தனும் மருதூர்க்கனியும் மருதமுனையில் மாதிரியே பட்டியலிலும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள்.

காரைதீவு அடிகளாரால் எனக்கு ஒரு முழுநாள் போனது. விபுலாநந்தர், விபுலானந்தர், விபுலாநந்த அடிகள், சுவாமி விபுலானந்தர் என்று அட்டைக்கு அட்டை வேறு வேறு. "ந"வில் போட்டால் "ன"வில் தேடுகிற பிள்ளைக்கு இயந்திரம் "ஒன்றுமில்லை" என்கிறது. நாலு எட்டில் அவர் சமாதி இருக்கிற மண்ணில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வதைப் பார்க்கக் கோபம் வரும். ஒரு வடிவத்தைத் தலைப்பாக வைத்து, மயில்வாகனம் என்ற பிள்ளைப் பெயர் உட்பட மற்றதையெல்லாம் அதற்குக் கீழே 400ஆம் புலங்களாகக் கட்டிவிட்டேன். அடிகளாரும் இரங்கநாதனும் 1892இல் பிறந்த ஒரு வயதுக்காரர் என்பது அன்றுதான் என் கண்ணில் பட்டது. டூயியோ சொந்தப் பெயரில் இருந்த எழுத்துகளையே செலவென்று வெட்டிக் குறுக்கின மனுசன். நமக்கு ஒரு "ந"வை விட மனம் வருகுதில்லை.

சரி, பெட்டிக்கு வருகிறேன். மூன்று பெட்டி நிறைய நினைவு மலர்கள். ஒருவர் செத்து முப்பத்தோராம் நாளில் கொடுக்கிற புத்தகங்கள்தான். யாழ்ப்பாணத்து ஆட்கள் கல்வெட்டு என்பார்கள். அங்கிருந்து கலியாணம் முடித்து வந்த குடும்பங்களின் புத்தகங்களில் அட்டையிலேயே "கல்வெட்டு" என்று இருக்கிறது. எனக்கு முன்னால் யாரோ ஒரு உற்சாகி அவற்றில் பதினான்கைத் தொல்லியல் தட்டில், சோழர் கல்வெட்டுகளுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தார். அதே கைதான் யாழ் நூலை யாழ்ப்பாண வரலாற்றோடு வைத்திருக்க வேண்டும். அதை எடுத்து 787இல், நரம்புக் கருவிகளோடு வைத்தேன். சிரித்துவிட்டு எனக்கே வெட்கமாகப் போனது. நாமும் அவசரத்தில் தலைப்பை மட்டும் பார்த்து எத்தனைக்கு இலக்கம் போட்டிருப்போம்?

இந்த மலர்களை என்ன செய்வது என்பதுதான் உன்னிடம் கேட்க வந்தது. முன்னால் படம், பிறகு தேவாரம், நாலு பேரின் இரங்கல், வம்சாவளி, நன்றி நவிலல். ஆசிரியர் என்று ஒருவரில்லை. "மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்" என்று இருக்கும். விலையில்லை, ஐ.எஸ்.பி.என். இல்லை. தேவாரத்தைப் பார்த்து 294.5இல் வைத்தால் சைவசித்தாந்தத்துக்கு நடுவில் ஓய்வுபெற்ற தபாலதிபர் உட்கார்ந்திருப்பார். வாழ்க்கை வரலாறு என்று 920இல் வைக்கலாம், வம்சாவளி என்று 929இலும் வைக்கலாம். இரண்டுக்கும் ஞாயம் உண்டு. நான் 929இல் வைத்தேன். ஏனென்றால் வருகிற ஆட்கள் அதைத்தான் தேடி வருகிறார்கள். காணிப் பிரச்சினைக்கு, கலியாணத்துக்கு, வெளிநாட்டில் இருக்கிற பேரப்பிள்ளை "நாங்கள் யார்" என்று கேட்டதுக்கு. 1978 சூறாவளியும், 1990 யுத்தமும், 2004 மார்கழி 26 சுனாமியும் வீட்டு அலுமாரிகளைக் கொண்டுபோன ஊரில், பக்கத்து வீட்டுக்காரன் மலரில்தான் சில குடும்பங்களின் பெயர் வரிசை மிஞ்சியிருக்கிறது.

போன கிழமை ஒரு அம்மா வந்தா. எழுபது வயதிருக்கும். "ஓடாவியார்ர புத்தகம் இருக்கா மனே?" என்று கேட்டா. என்னை "மனே" என்று கூப்பிட இன்னும் ஒரு ஆள் இருக்கிற சந்தோசத்தில் தேடினேன். ஓடாவியார் என்று ஒன்றுமில்லை. இயற்பெயர் தெரியுமா என்றால் அவவுக்குத் தெரியாது; தாய்மாமன்தான், ஆனால் ஊர் முழுக்க ஓடாவியார் என்றே கூப்பிட்டதாம். கடைசியில் இரண்டாம் பெட்டியில், படத்தை வைத்து அவவே கண்டுபிடித்தா. அட்டையில் நீளமான பெயர், "அமரர்" வேறு. ஓடாவியார் என்ற சொல் உள்ளே எங்கும் இல்லை. பிள்ளைகள் படித்து உத்தியோகமானவர்கள், அந்தச் சொல்லை விட்டுவிட்டார்கள்.

அன்று பின்னேரம் நான் "ஓடாவியார்" என்பதை மாற்றுப் பெயராகப் பதிந்தேன். பொடியன்மாரில் ஒருவன் மறித்தான். "பட்டப்பெயரைப் பட்டியலில் போடுறது மரியாதையில்லை ஐயா" என்றான். அவன் சொல்வதிலும் உண்மை இருக்கு. ஓடாவி என்றால் தச்சர், தொழிற்பெயர், பரவாயில்லை. ஆனால் ஊர் வைக்கிற எல்லாப் பெயரும் அப்படியா? நொண்டி, ஊமை என்று வைத்த பெயரிலும் ஆட்கள் தேடித்தான் வருவார்கள். யோசித்துவிட்டு இப்படி முடிவெடுத்தேன்: தொழிலும் ஊரும் வீட்டுப்பெயரும் என்றால் பதிவேன், மற்றதைக் குடும்பத்தில் ஒருவரைக் கேட்காமல் பதியேன். இன்னொன்று, மலர்களை ஸ்கான் பண்ணி வலையில் ஏற்றுவோம் என்று பொடியன்மார் துடிக்கிறார்கள். 2005இலிருந்து நூலகம் நிறுவனம் செய்கிற வேலையைப் பார்த்து வந்த ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் அந்தப் பக்கங்களில் உயிரோடு இருக்கிறவர்களின் பெயர், பிறந்த திகதி, எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் இருக்கு. பட்டியலில் ஏற்றுவோம், பக்கங்களைக் குடும்பத்தார் சம்மதித்த பிறகு பார்ப்போம் என்று தடுத்து வைத்திருக்கிறேன். கிழவன் முட்டுக்கட்டை போடுகிறான் என்று பேசிக்கொள்கிறார்களாம். நீ என்ன சொல்கிறாய்?

நாலாம் பெட்டியில் ஒரு கூத்துக் கொப்பி. அலங்காரரூபன் தென்மோடி, அண்ணாவியார் ஒருவர் பென்சிலில் எழுதினது, இடையிடையே தாளக்கட்டு. எழுத்தைப் பார்த்தால் நாடக இலக்கியம், தாளக்கட்டைப் பார்த்தால் 792 அரங்கம். ஒரு கொப்பிக்கு ஒரு இடந்தான் என்பதால் 894.8112இல் வைத்து, கூத்து என்ற பொருட்தலைப்பையும் கொடுத்தேன். இராமபாணப் பூச்சி ஓரத்தைத் தின்றிருக்கிறது. வசம்புத் துண்டு போட்டு வைத்திருக்கிறேன்.

ஐந்தாம் பெட்டிச் சாமான் உனக்குரியது. அரபுத் தமிழ்ப் புத்தகம் ஒன்று, கல்லச்சு. இந்த ஊர்ப் பெட்டிக்குள் எப்படி வந்ததென்று யாருக்கும் தெரியாது. முன்னால் பார்த்தவர் இடப்பக்கம் திறந்து, கடைசிப் பக்கத்தை முதல் பக்கமென்று நினைத்து றப்பர் முத்திரை குத்தி, முதுகு லேபலையும் தலைகீழாக ஒட்டியிருக்கிறார். அரபு என்று றெஜிஸ்டரில் எழுதியும் இருக்கு. எழுத்து அரபு, பாசை தமிழ் என்பது எனக்குத் தெரியும்; மொழிக் குறியீட்டில் தமிழ் என்று மாற்றிவிட்டேன். ஆனால் தலைப்பைத் தமிழ் எழுத்தில் பெயர்க்க என்னால் ஏலாது. புள்ளிகள் கூட்டிப் போட்ட எழுத்துகளில் எது "ள", எது "ழ" என்று தடுமாறுகிறேன். உன் மூத்தம்மா இப்படி ஒன்றை மடியில் வைத்து ராகமாக ஓதுவா என்று நீ சொல்லியிருக்கிறாய். வருசம் 1318 என்று இருக்கு. அது ஹிஜ்ரி என்பதால் 1900 அல்லது 1901 என்று பக்கத்தில் போட்டேன். சரிதானே?

ஹிஜ்ரியாவது ஒரு நேர்கோட்டில் போகிறது. நம் வருசம் அறுபதுக்கு ஒருமுறை சுற்றி வந்து பழைய இடத்தில் நிற்கும். அம்மன் ஊஞ்சற்பாட்டு ஒன்று, "விகாரி வருசம் வைகாசி" என்பதைத் தவிர வேறு தேதியில்லை. விகாரி 1899இலும் வந்தது, 1959இலும் வந்தது. 2019இலும் வந்தது, ஆனால் தாளைப் பார்த்தால் அந்தளவு புதுசில்லை. "லை"யும் "ணை"யும் பழைய கொம்போடு இருக்கிறது, அதுவும் இரண்டுக்கும் பொருந்தும். இரண்டு வருசத்தையும் கேள்விக்குறியோடு போட்டு வைத்திருக்கிறேன். நூற்றாண்டே மாறுகிற கேள்விக்குறி.

கணினிக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். பழைய பட்டியலைப் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். இப்போது திறந்தால் இங்கிலீசு எழுத்துக் குப்பை, புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. மாற்றித் தருகிற கருவி உண்டு, மாற்றியும் ஆச்சு. ஆனால் ஔவையாரை ஒருவர் "ஒ"வும் "ள"வும் சேர்த்து அடித்து வைத்திருக்கிறார். கண்ணுக்கு ஔவை, இயந்திரத்துக்கு ஒ-ள-வை என்று வேறு யாரோ. மறுகா, அகரவரிசை என்று அழுத்தினால் "ன"வைக் கொண்டுபோய் "ந"வுக்கும் "ப"வுக்கும் நடுவில் வைக்கிறது. நம் அரிச்சுவடியில் அது கடைசிப் பிள்ளை என்று அதுக்கு யார் சொல்வது.

அடுத்த போயா லீவுக்கு வா. அந்தக் கல்லச்சுப் புத்தகத்தை பஸ்ஸில் அனுப்ப எனக்கு மனமில்லை, நீதான் வர வேண்டும். மூக்குக்கண்ணாடியை மறக்காதே, போன முறை என்னுடையதைப் போட்டுக்கொண்டு தலையிடி என்றாய். இங்கே எருமைத் தயிர்ச் சட்டி இருக்கும். மகளுக்கு மாற்றம் கிடைத்ததா என்று எழுது. வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு.

உன்,
எதிர் மேசைக்காரன்.

பி.கு.: கடிதத்தை மூடி வைத்துவிட்டு ஊஞ்சற்பாட்டை மறுபடி எடுத்தேன். கடைசித் தாள் பின்னட்டையோடு ஒட்டிக் கிடந்தது. கேத்தில் ஆவியில் பிடித்து மெல்லப் பிரித்தால் உள்ளே ஒரு புடவைக்கடை விளம்பரம். அடியில் டெலிபோன் நம்பர், மூன்று இலக்கம். கேள்விக்குறியை அழித்துவிட்டு 1959 என்று போட்டேன்.