வருமான இழப்பீட்டை எடுத்துவிட்டுக் கட்டணம் குறைகிறது என்று சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2026 யூலை 1 முதல் வாகனக் காப்புறுதியில் நடைமுறைக்கு வரும் மாற்றத்தைப் பற்றி நம் சனத்திடையே போதிய பேச்சு இல்லை என்பதால் இதை எழுதுகிறேன். "கட்டணம் குறையுமாம்" என்ற ஒரு வரி எல்லோருக்கும் தெரிகிறது. எதை எடுத்துவிட்டுக் குறைக்கிறார்கள் என்று கேட்டால் பலருக்குத் தெரியவில்லை.

இதுவரை இருந்த ஒழுங்கு இதுதான். விபத்தில் காயப்பட்டால், பிழை யார் பக்கம் என்று பார்க்காமல், சிகிச்சைச் செலவோடு சேர்த்து வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு வருமான இழப்பீடும், உயிர் போனால் குடும்பத்துக்கு ஒரு தொகையும் இறுதிச் சடங்குச் செலவும் எல்லாப் பொலிசியிலும் கட்டாயமாக இருந்தன. 2024 மாகாண வரவுசெலவுத் திட்டத்தில் இதை மாற்றப்போவதாக அறிவித்தார்கள். புதிய விதிப்படி மருத்துவம், புனர்வாழ்வு, பராமரிப்பாளர் செலவு ஆகியவை மட்டுமே கட்டாயம். மற்றதெல்லாம் விரும்பினால் காசு கட்டி வாங்கலாம், வேண்டாம் என்றால் விடலாம்.

கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கும் ஆட்களை நான் குறை சொல்லவில்லை. ஸ்காபரோவிலும் பிரம்ப்டனிலும் இருக்கிறவர்கள் ஒரு விபத்தும் செய்யாமலே, தாங்கள் வசிக்கும் இடத்தின் தபால் குறியீட்டுக்காக மட்டும் கூடக் கட்டுகிறார்கள், அந்த அநியாயத்தைப் பற்றி எத்தனை வருடமாகப் பேசுகிறோம். ஆனால் அதைத் தீர்க்காமல் பாதுகாப்பைக் கழற்றி வைத்துவிட்டு விலையைக் குறைத்தோம் என்று சொன்னால் அதை எப்படி ஏற்றுக்கொள்வது?

அந்த வருமான இழப்பீடும் பெரிய தொகை இல்லை. மொத்தச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆனால் வாரத்துக்கு 400 டொலருக்கு மேல் கிடையாது, முதல் வாரத்துக்கு ஒன்றும் இல்லை. இந்த 400 டொலர் 1996 இல் வைத்த உச்சவரம்பு, அப்போது குறைந்தபட்ச ஊதியம் மணித்தியாலத்துக்கு 6.85 டொலர். 2025 ஒக்டோபரில் அது 17.60 ஆகிவிட்டது. வாரம் 40 மணித்தியாலம் குறைந்தபட்ச ஊதியத்துக்கு வேலை செய்கிறவருக்கே 704 டொலர் வருகிறது, அதில் 70 சதவீதம் 490ஐத் தாண்டும், ஆனால் கையில் கிடைப்பது 400 தான். இந்த வரம்பை உயர்த்த வேண்டிய அரசாங்கம், அதையே இல்லாமலும் இருக்கலாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது.

நல்ல கம்பனியில் வேலை, நீண்டகால இயலாமைக் காப்புறுதி இருக்கிறது என்பவருக்கு இது பெரிய இழப்பு இல்லை. ஏஜென்சி மூலம் பக்டரிக்குப் போகிறவருக்கு என்ன இருக்கிறது? வேலைச் சட்டம் தரும் சுகவீன லீவும் சம்பளம் இல்லாமல்தான். சாப்பாடு டெலிவரி செய்யும் பெடியளின் நிலை இன்னும் மோசம். 2025 யூலையில் அவர்களுக்கென்று ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது உண்மை, நல்ல விஷயம்தான், ஆனால் அதில் குறைந்தபட்ச ஊதியம் ஓடரை எடுத்த நேரத்திலிருந்து கொடுத்து முடிக்கும் வரைக்கும் மட்டுமே, காத்திருக்கும் நேரத்துக்கு இல்லை. கால் முறிந்து படுத்தால் அதில் ஒன்றுமே இல்லை. மாதக் கட்டணத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க இந்த இழப்பீட்டை முதலில் வெட்டப்போகிறவர்களும் இவர்கள்தான், ஏனென்றால் இந்த மாதத்து வாடகைதான் இவர்கள் கண் முன்னால் நிற்கிறது.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. விருப்பத்துக்கு வாங்கும் இந்தப் பாதுகாப்பு பொலிசி எடுத்தவர், அவரது துணை, அவரில் தங்கியிருப்பவர்கள், பொலிசியில் பெயர் உள்ள சாரதிகள் ஆகியோருக்கு மட்டும்தான். சொந்தமாகக் கார் இல்லாமல் நண்பரின் காரில் பங்குபோட்டு வேலைக்குப் போகிறவர், பஸ்ஸுக்காகத் தெருவைக் கடக்கிறவர், சைக்கிளில் போகும் மாணவர் இவர்களெல்லாம் அடிபட்டால் சிகிச்சை கிடைக்கும், வருமானத்துக்கு ஒன்றும் கிடைக்காது. பிழை செய்த சாரதி மீது வழக்குப் போடலாம்தான், ஆனால் அது முடிய வருடக்கணக்கு ஆகும், அதுவரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? வாங்கவே வழி இல்லாத ஒருவருக்கு இதில் என்ன தெரிவு இருக்கிறது?

மின்சார விஷயத்தில் இதே அரசாங்கம் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. 2025 நவம்பரில் மின்சார விலை ஏறத்தாழ 30 சதவீதம் ஏறியபோது, ஹைட்ரோ பில்லில் (மின்சார பில்லில்) அது தெரியாதபடி மாகாணத் தள்ளுபடியை 13.1 இலிருந்து 23.5 சதவீதத்துக்கு உயர்த்தினார்கள். பெரிய மாளிகைக்கும் சின்ன அபார்ட்மெண்டுக்கும் ஒரே சதவீதம், எல்லாம் வரிப்பணம். அதற்குக் காசு இருக்கிறது என்றால், காயப்பட்ட தொழிலாளிக்கு வாரம் 400 டொலரைக் கட்டாயமாக வைத்திருக்க முடியாது என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆளும் கட்சியில் விஜய் தணிகாசலம், லோகன் கணபதி என்று நம்மவர்கள் சட்டமன்ற உறுப்பினர்களாக இருக்கிறார்கள். வருமான இழப்பீட்டை மறுபடியும் கட்டாயமாக்கவும், குறைந்தது கார் இல்லாதவர்களுக்காவது அதை மீட்டுக் கொடுக்கவும் அவர்கள் சட்டமன்றத்தில் பேச வேண்டும், வாசகர்களும் தங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுத வேண்டும். அதுவரைக்கும் தயவுசெய்து, பொலிசி புதுப்பிக்கும்போது முகவர் அனுப்பும் தாளைப் படிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். வருமான இழப்பீடு இருக்கிறதா, அதை நீக்கினால் மாதம் எவ்வளவு குறைகிறது, சேர்த்தால் எவ்வளவு ஏறுகிறது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் பத்திரிகையும் இந்த மாற்றத்தை விளக்கி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டால், ஆங்கிலத்தில் வரும் கடிதங்களைப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்காபரோ